மேலாடையும் மேலாதிக்கமும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நாட்டு வழக்கு. ஆண்மகனைப் பொறுத்தவரை அந்தக் கணக்குச் சரியாக இருக்கலாம். பெண்ணைப் பொறுத்தவரையிலோ, வரலாற்றின் பெரும்பகுதியில் ஆடைதான் முழுமை. ஆள், அந்த ஆடையைத் தாங்கும் கொடி! கவிவாணர்கள் பெண்ணைக் கொடி என்று பாடியபோது முல்லைக்கொடியை நினைத்துப் பாடினர். சமுதாயமோ துணி உலர்த்தும் கொடி என்றே பொருள் கொண்டுவிட்டது போலும்!

சென்ற திங்களில், நாம் பணியாற்றும் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் நடந்தது இது. பாடம் முடிந்து மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா! பையன்களுக்குச் சட்டையும் கால்சட்டையும் போதும். எங்களுக்கு மட்டும், இந்த வெயிலிலும், உடைக்கு மேலே ஒரு மேற்கோட்டு எதற்கு?" என்று கேட்டாள். நாம் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் விடை சொன்னான்: "அது நம் பண்பாடு!" வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அந்தப் பண்பாடு எந்த ஆண்டு பிறந்தது, ஐயா?" என்றாள்.

மணி அடித்துவிட்டது. கேள்வி மட்டும் நம்மோடு வீடு வந்து சேர்ந்தது.

எந்த ஆண்டு பிறந்தது? போர்களுக்கு ஆண்டு கேட்கிறோம், மன்னர்களுக்கு ஆண்டு கேட்கிறோம், மதிப்பெண்ணும் தருகிறோம். பண்பாட்டுக்கு ஆண்டு கேட்டால் மட்டும் திகைக்கிறோம். ஏன்? பண்பாடு என்பது பிறவாதது, இறவாதது, அன்றும் இன்றும் என்றும் உள்ளது என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மை அதுதானா? நான்கு ஊர்களுக்குச் சென்று வருவோம், தோழர்களே! ரோம், பாரிஸ், டெஹ்ரான் — பிறகு, நம் தென்கோடியில் உள்ள நாகர்கோவில். நான்கு இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்போம்: பெண் இன்னதை உடுத்தலாம், இன்னதை உடுத்தலாகாது என்று சொன்னது யார்? எப்போது? எதற்காக?

ரோமின் வீதியிலே

கி.மு. 216. கன்னே என்ற களத்திலே கார்த்தேஜின் தளபதி அனிபால், ரோமப் பெரும்படையைத் தவிடுபொடியாக்கினான். கருவூலம் வறண்டது, நகரமே நடுங்கியது. மறு ஆண்டு, கி.மு. 215-இல், ஓப்பியஸ் என்பவர் பெயரால் ஒரு சட்டம் வந்தது. எந்தப் பெண்ணும் அரை அவுன்சுக்கு மேல் பொன் வைத்திருக்கலாகாது. பலவண்ண ஆடை உடுத்தலாகாது. சமயச் சடங்குக்காக அன்றி நகருக்குள் வண்டியேறிச் செல்லலாகாது. போர்க்காலம்! நாடு பிழைக்க வேண்டும்! பெண்கள் ஏற்றுக்கொண்டனர்.

கி.மு. 201-இல் போர் முடிந்தது. ரோம் வென்றது. கப்பமும் கொள்ளையும் குவிந்தன. ஆண்களின் பதவி அங்கியிலே செவ்வூதாக் கரை மின்னிற்று. ஆனால் பெண்கள்மீது விழுந்த சட்டம் மட்டும் எழவே இல்லை! ஆபத்துக்காகப் போட்ட பூட்டு. ஆபத்து தீர்ந்த பிறகும் திறக்க மனமில்லை.

கி.மு. 195-இல் அதை நீக்கும் தீர்மானம் மன்றத்துக்கு வந்தது. மாதர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தனர். தெருக்களை அடைத்துக்கொண்டு நின்றனர். மன்றம் செல்லும் ஆடவர் ஒவ்வொருவரையும் மறித்து ஆதரவு கேட்டனர். அன்றைய கான்சலாக இருந்த கேட்டோ கொதித்தெழுந்தார். அவருடைய பேச்சென்று வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருப்பதன் சாரம் இதுதான்: இன்று ஆடையில் விட்டுக்கொடுத்தால் நாளை எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்க நேரும், பெண் நமக்குச் சமமாகும் அந்த நொடியிலேயே நமக்கு மேலாகிவிடுவாள்!

கேட்டோவுக்கு ஒரு வகையில் நன்றி சொல்ல வேண்டும். அவர் அழகைப்பற்றிப் பேசவில்லை. அடக்கத்தைப்பற்றி மட்டும் பேசிவிட்டு நிற்கவும் இல்லை. உள்ளே இருந்த அச்சத்தை ஒளிவுமறைவின்றிக் கொட்டிவிட்டார். வழக்கு துணியைப்பற்றியது அன்று, தலைமையைப்பற்றியது! தடுக்க முனைந்த மக்கள் தீர்ப்பாளர் இருவருடைய வீட்டு வாயிலையும் பெண்கள் முற்றுகையிட்டனர், அவர்கள் பின்வாங்கினர், சட்டம் செத்தது. வென்றவர்கள் செல்வர் வீட்டு மாதரே என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவர்களுக்கு ஆடை கட்டிவிட்ட அடிமைப் பெண்ணுக்கு அன்று விடியவில்லை. ஆனாலும் ஒரு பாடம் மிஞ்சிற்று: ஆடைச் சட்டத்துக்குப் பிறந்த ஆண்டு உண்டு, 215, இறந்த ஆண்டும் உண்டு, 195.

பாரிசிலே ஒரு புதுமை

ரோமிலிருந்து இரண்டாயிரம் ஆண்டு தாண்டி வருவோம். 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகின் செவியில் சங்கு ஊதிய புரட்சி! 1793 அக்டோபர் 29-இல் புரட்சி மன்றம் ஓர் ஆணை இட்டது: குடிமகனையோ குடிமகளையோ இன்னபடிதான் உடுத்தவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தலாகாது. ஆகா, அருமை என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். அதே ஆணையில் ஒரு சிறு வால் இருந்தது — அவரவர் பாலுக்கு உரிய உடை என்ற எல்லைக்குள்தான் அந்த உரிமை! மறுநாள், அக்டோபர் 30-இல், பெண்களின் அரசியல் சங்கங்கள் அனைத்தும் தடை செய்யப்பட்டன. நான்கு நாள் கழித்து, நவம்பர் 3-இல், பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் கொலைக்கருவிக்கு இரையானார். ஒரே வாரம்! உடை, சங்கம், உயிர் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1800 நவம்பரில் பாரிஸ் காவல்துறைத் தலைவர் அந்த வாலையே முழுச் சட்டமாக்கினார். ஆண் உடை அணிய விரும்பும் பெண், காவல் அலுவலகத்துக்கு நேரில் வந்து, மருத்துவர் சான்று காட்டி, அனுமதிச் சீட்டு பெறவேண்டும். கால்சட்டை போடுவதற்கு உரிமச் சீட்டு! துப்பாக்கிக்குக் கேட்பதுபோல!

ரோசா பொனோர் என்ற ஓவியப் பெண்மணி அப்படிச் சீட்டு வாங்கியவர்களுள் ஒருவர். குதிரைச் சந்தையிலும் இறைச்சிக் கூடத்திலும் நின்று விலங்குகளைக் கூர்ந்து பார்த்து வரைவது அவர் தொழில். சேற்றிலும் குருதியிலும் புரளும் நீண்ட பாவாடையோடு அங்கே எப்படி நிற்பது? அவர் தீட்டிய 'குதிரைச் சந்தை' என்னும் பேரோவியம் இன்றும் நியூயார்க் பெருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1865-இல் பிரெஞ்சு அரசின் உயர்ந்த விருது பெற்ற முதல் பெண் ஓவியர் அவரே. விருதைக் குத்திக்கொள்ளச் சீட்டு வேண்டியதில்லை, கால்சட்டைக்குத்தான் வேண்டும்!

1892-இலும் 1909-இலும் சிறு தளர்ச்சி வந்தது: கையில் குதிரையின் கடிவாளமோ மிதிவண்டியின் பிடியோ இருந்தால் பெண் கால்சட்டை அணியலாம். இறங்கிவிட்டால்? அதைச் சட்டம் மன்னிக்கவில்லை. நகைப்புக்குரிய இந்த ஆணை செல்லாது என்று பிரான்சின் பெண்ணுரிமை அமைச்சர் வெளிப்படையாக அறிவித்தது எப்போது தெரியுமா? 2013 சனவரி 31! செத்த சட்டம்தான், ஆனால் 200 ஆண்டுகளுக்கும் மேல் அடக்கம் செய்யப்படாமல் கிடந்தது.

கடலுக்கு அப்பாலும் கதை இதுவே. அமெரிக்காவில், 1848-இல் பெண்ணுரிமை மாநாடு கூடிய செனிக்கா பால்சு என்ற அதே ஊரில், 1851-இல் சில பெண்கள் முழங்காலளவுப் பாவாடையும் அதனடியில் தளர்ந்த கால்சட்டையும் அணிந்து வெளிவந்தனர். அமிலியா புளூமர் தம் ஏட்டில் அதை ஆதரித்து எழுதினார். அவர் பெயரே அந்த உடைக்குப் பெயராகிவிட்டது. தெருவெங்கும் கேலி; ஏடெங்கும் கிண்டற்படம். சில ஆண்டுகளில் அவர்களுள் பலர் பழைய உடைக்கே திரும்பினர். தோல்வியால் அன்று, மேடையில் அவர்கள் வாக்குரிமை பேசினால் மக்கள் காலையே பார்த்தனர், கருத்தைக் கேட்கவில்லை என்பதால்! உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்து 1865-இல் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்ற மேரி வாக்கரை, ஆணுடை அணிந்தார் என்ற குற்றத்துக்காகக் காவலர் கைது செய்தனர். அவர் கடைசிவரை அந்த உடையை மாற்றவில்லை.

இலண்டனில் 1881-இல் ஒரு சங்கம் தோன்றியது. பெயரைக் கேளுங்கள், தோழர்களே — பகுத்தறிவு உடைச் சங்கம்! அதன் கோரிக்கைகளுள் ஒன்று, பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை ஏழு பவுண்டைத் தாண்டலாகாது என்பது. ஏறத்தாழ மூன்று கிலோ! கோரிக்கையே மூன்று கிலோ என்றால், வழக்கத்தில் அந்த மாதர் சுமந்தது எவ்வளவு? விலா எலும்பை நெரிக்கும் இறுக்கக் கச்சு, அடுக்கடுக்காகப் பாவாடைகள். ஓடமுடியாது, ஏறமுடியாது, மூச்சுவிடவும் முடியாது. இதற்குப் பெயர் நாகரிகம். இதற்குப் பெயர் பெண்மை!

அந்தப் பெண்மை எங்கே போயிற்று 1914-இல்? உலகப் போர் மூண்டது. ஆண்கள் களத்துக்குப் போயினர். வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும். பெண்கள் கால்சட்டை அணிந்து இயந்திரத்தின் முன் நின்றனர். நேற்று வரை ஒழுக்கக்கேடு, இன்று நாட்டுப்பற்று! தேவை வந்ததும் ஒழுக்கம் விடுப்பில் சென்றுவிட்டது. 1918-இல் பிரிட்டனில் 30 வயது தாண்டிய பெண்களுள் ஒரு பகுதியினர்க்கும், 1928-இல் ஆண்களுக்கு நிகராக எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது.

டெஹ்ரானில் இரண்டு பிரம்புகள்

இதுவரை கேட்ட நண்பர் சிலர், "ஆகவே பழைய உடையைக் களைந்து புதிய உடையைக் கட்டாயமாக்கிவிட்டால் பெண் விடுதலை வந்துவிடும்" என்று முடிவு கட்டக்கூடும். அவர்களை டெஹ்ரானுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

1936 சனவரி 8. ஈரானின் மன்னர் ரெசா ஷா, பெண்கள் முகத்திரையும் முக்காடும் அணிவதற்குத் தடை விதித்தார். நாட்டை நவீனமாக்கவாம்! காவலர் தெருவில் நின்று பெண்களின் தலைத்துணியைப் பறித்தனர். பல பெண்கள், மூதாட்டிகள், வெளியே வரவே அஞ்சி வீட்டுக்குள் முடங்கினர். விடுதலை என்று பெயரிட்டு வந்த ஆணை, அவர்களுக்கு வீட்டுச் சிறையாக முடிந்தது.

1979-இல் மன்னராட்சி வீழ்ந்தது. மதகுருமாரின் ஆட்சி வந்தது. ஆணை தலைகீழாயிற்று. 1983-இல், முக்காடு இல்லாமல் வெளியே வரும் பெண்ணுக்குக் கசையடி என்று சட்டம் எழுதப்பட்டது. 2022-இல், முக்காடு முறைப்படி இல்லை என்று ஒழுக்கக் காவலரால் பிடிக்கப்பட்ட 22 வயது மாசா அமினி, செப்டம்பர் 16 அன்று உயிரிழந்தார். அந்நாட்டுப் பெண்கள் முக்காட்டைத் தீயிலிட்டு வீதிக்கு வந்தனர்.

ஒரே நாடு. பாட்டிக்கு, "எடு முக்காட்டை!" பேத்திக்கு, "போடு முக்காட்டை!" ஆணை மாறிற்று, ஆனால் ஆணையிட்டவன் மாறினானா? இரண்டு முறையும் பிரம்பு ஒரே இடத்தில்தான் இருந்தது. பகுத்தறிவு பேசும் நாம் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். முக்காட்டின் மூடத்தனத்தைப்பற்றிப் பேசுவோம், எழுதுவோம், வாதிடுவோம் — அது நம் உரிமை, கடமையும்கூட. ஆனால் ஒரு பெண்ணின் தலையிலிருந்து துணியைப் பறிக்கும் கை, அதைக் கட்டிவிட்ட கைக்கு உடன்பிறந்த கையே! பகுத்தறிவாளன் பிடித்தாலும் பிரம்பு பிரம்புதான்.

நாகர்கோவிலிலே

தொலைவில் உள்ள ஊர்களைப் பார்த்துவிட்டோம். இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டம், அதற்குமுன் திருவிதாங்கூர் அரசின் தென்பகுதி. ரோமில் பலவண்ண ஆடை கூடாது என்றனர். பாரிசில் கால்சட்டை கூடாது என்றனர். இங்கே என்ன கூடாது என்றனர்? மார்பை மறைக்கவே கூடாது என்றனர்!

ஆம். திருவிதாங்கூரிலே தோள்சீலை என்பது மானம் மறைக்கும் துணி அன்று, சாதியின் படிக்கட்டு. மேலோர் முன்னே மேலாடையை விலக்குவதே மரியாதை. நம்பூதிரியின் முன் நாயர் மாது விலக்கவேண்டும். நாடார், ஈழவர், அவர்க்கும் கீழே தள்ளப்பட்டோர் ஆகிய குலங்களின் மகளிரோ, விலக்குவதற்கு அணிந்திருக்கவே கூடாது. துணி எவ்வளவு, அது இடுப்பிலே நிற்கவேண்டுமா, தோளுக்கு ஏறலாமா என்பதைப் பார்த்தே, தொலைவில் வருபவள் எந்தப் படியில் நிற்பவள் என்று அறிந்துகொள்ளும் ஏற்பாடு!

1810-களின் தொடக்கத்தில் கர்னல் மன்றோ ஆங்கில ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறித்தவராக மாறிய நாடார்குலப் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று ஓர் ஆணை பிறந்தது. குப்பாயம் அணியலாம், ஆனால் மேற்சாதி மகளிர்போல் தோள்சீலை போர்த்தலாகாது. சலுகையிலும் ஒரு வேலி!

அந்த வேலியைத் தாண்டியவர் யார்? அரசவைப் புலவர் அல்லர், பனையேறியின் மனைவி! நாகர்கோவிலில் 1819-இல் சமயப் பணியாளரின் மனைவியர் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் ரேந்தைப் பின்னலும் கற்றுத்தந்தனர். மதப் பிரசாரம் அவர்கள் நோக்கம் என்பதை நாம் அறிவோம். எனினும் கோயிலும் கொட்டாரமும் தராததை அந்தத் திண்ணை தந்தது. எழுத்து வந்தது, ஊசி வந்தது, ஊசியால் கூலி வந்தது. அடிமைப்பட்டிருந்த பெண்களுள் சிலர், பின்னி ஈட்டிய காசைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். கையில் காசும் கண்ணில் எழுத்தும் வந்தவள், தோளில் துணியையும் ஏற்றினாள்.

பொறுப்பார்களா? 1822-இல் கல்குளம் பகுதியில் தாக்குதல் தொடங்கிற்று. சந்தையிலும் சாலையிலும் பெண்களை மறித்து மேலாடையைக் கிழித்தனர். 1823-இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. கிழிசல் தெருவில் தொடர்ந்தது. 1828-இல் கலவரம் மீண்டும் மூண்டது. வழிபாட்டு இடங்களும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. கவனியுங்கள், தோழர்களே! கோபம் துணிமீது என்றால், பள்ளிக்கூடத்துக்கு ஏன் தீ?

1829 பிப்ரவரி 3-இல் அரசின் ஆணை வந்தது. நாடார் மகளிர் தோள்சீலை அணிவது முறையன்று, தடை செய்யப்படுகிறது. அவர்கள் குலத்தார் அரசுக்குச் செய்யவேண்டிய ஊழியத்தையும் தவறாமல் செய்யவேண்டும் என்றது அது. ஊழியம் என்றால் கூலியில்லா வேலை. மேலாடைத் தடையும் கூலியில்லா வேலையும் ஒரே ஓலையில்! கேட்டோ வாயால் உளறியதைத் திருவிதாங்கூர் அரசு எழுத்தாலேயே ஒப்புக்கொண்டது. மார்பு திறந்திருக்க வேண்டியது மரபுக்காக அன்று, முதுகு வளைந்திருப்பதற்காக!

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஆணை, அரசுப் பொறுப்பிலிருந்த ராணி கௌரி பார்வதி பாயின் பெயரால் வெளிவந்தது. பெண்ணின் பெயராலே, பெண்ணின் மேலாடைக்குத் தடை! பெண்ணடிமைக்குச் சாதி கூட்டாளியாகும்போது, அரியணையில் பெண் இருந்தும் குடிசையில் இருக்கும் பெண்ணுக்குப் பயனில்லை என்பதை இதைவிட எது விளக்கும்?

ஆடவர்க்கும் அந்நாட்டில் ஆடையால் அவமானம் இருந்தது. தலைப்பாகை கட்ட உரிமையில்லாத குலத்து ஆண்களைப் பார்த்துத் தலைப்பாகை கட்டுங்கள் என்றார் வைகுண்டர். இன்றும் சாமித்தோப்பில் ஆடவர் தலைப்பாகையோடுதான் வழிபடுகின்றனர். வழிபாடு நமக்கு உடன்பாடன்று. ஆனால் குனிந்த தலை நிமிர்ந்ததன் நினைவாக அந்தத் துணியை மதிக்கிறோம்.

1855-இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆனால் 1858 டிசம்பரில், திவான் மாதவராவ், பழைய வழக்கத்தை மீறலாகாது என்று மீண்டும் எச்சரித்தார். 1859 தொடக்கத்தில் நாகர்கோவில் சுற்று வட்டாரம் பற்றியெரிந்தது. முறையீடுகள் சென்னைக்குப் பறந்தன. கவர்னர் டிரெவெலியன் நெருக்குதல் தந்தார். முடிவில், 1859 சூலை 26-இல் உத்தரவு: எல்லா மதத்து நாடார் மகளிரும் மார்பை மறைக்கலாம், குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்கள்போல் முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம். ஆனால்... ஆம், அங்கேயும் ஓர் 'ஆனால்'! மேற்சாதி மகளிர் உடுத்துவதுபோல் உடுத்தலாகாது!

அந்த 'ஆனால்' சட்டத்தில் கிடந்தது. பெண்களோ அதைப் பொருட்படுத்தாமல் நடந்தனர். ஆளும் வர்க்கத்தின் ஏடுகள் இதைத் தோள்சீலைக் கலகம் என்று எழுதின. கிழித்தவன் செய்தது கலகம். உடுத்தவள் செய்தது போராட்டம். சொல்லிலும் நீதி வேண்டும் அல்லவா?

கதை அங்கே முடியவும் இல்லை. புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்மாலையைத்தான் அணியவேண்டும் என்ற கொடுமை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. அய்யன்காளியின் அழைப்பைக் கேட்டு, 1915-இல் கொல்லத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் அப்பெண்கள் அந்த மாலைகளை அறுத்து எறிந்தனர். அங்கே மறைத்தது விடுதலை. இங்கே களைந்தது விடுதலை. துணியும் மணியும் வேறு. முறிந்த ஆணை ஒன்றே.

நான்கு ஊர் சொல்லும் நீதி

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். நான்கு ஊர்களும் நமக்குச் சொல்லுவது என்ன?

பெண்ணுடையைப்பற்றிய ஒவ்வொரு 'வழக்கத்துக்கும்' பிறந்த நாள் உண்டு. அதைப் பிறப்பித்தவன் எப்போதும் ஒரு நல்ல பெயர் சூட்டியிருப்பான் — போர்க்காலச் சிக்கனம் என்பான், ஒழுக்கம் என்பான், நவீனம் என்பான், மரபு என்பான். ஒரிடத்தில் மூடு என்பான், ஓரிடத்தில் திற என்பான். காரணங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆணையிடும் உரிமை மட்டும் அவன் கையைவிட்டு நகராது. ஆகவே, எது நல்ல உடை என்று வாதிடுவதற்குமுன், தீர்மானிப்பது யார் என்று கேட்கவேண்டும். பெரியார், பெண்கள் கூந்தலைக் கத்தரித்து, ஆண்கள்போல் எளிய உடை அணியலாம் என்று சொன்னபோது பலர் சிரித்தனர். அவர் சொன்னது உடையைப்பற்றி மட்டுமா? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானித்தது. நாகர்கோவில் பெண்ணின் ஊசிக்கூலியும் அந்தத் தீர்மானமும் ஒரே பாதையில் கிடக்கும் இரண்டு மைல்கற்கள். தன் காசு தன் கையில் இருப்பவளே தன் துணியைத் தான் தேர்ந்தெடுப்பாள்.

இந்த வரலாற்றை மாணவர் அறிய வேண்டாமா? நடுவணரசுப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், ஆடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. தோள்சீலைப் போராட்டமும் அதில் இடம்பெற்றிருந்தது. 2016 டிசம்பரில், அந்தப் பகுதியிலிருந்து வினாக்கள் கேட்கப்படமாட்டா என்று தேர்வு வாரியம் சுற்றறிக்கை விட்டது. 2019-இல், பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, பாடம் முழுவதையுமே நீக்கிவிட்டனர். எழுதிய முறையில் பிழை உண்டு, ஒரு சமுதாயத்தை இழிவுபடுத்துகிறது என்று சிலர் எதிர்த்தது உண்மை. பிழை இருந்தால் திருத்தலாம். அதற்கு ஆசிரியன் துணை நிற்பான். திருத்தவேண்டிய ஏட்டைக் கிழித்துப்போடுவது எந்த ஊர் நியாயம்? அன்று தெருவிலே மேலாடையைக் கிழித்தனர். இன்று வகுப்பறையிலே அதன் வரலாற்றைக் கிழிக்கலாமா? இழிவு, உடுத்தப் போராடியவளுக்கு அன்று, கிழித்தவனுக்கே!

மறுவாரம் வகுப்புக்குச் சென்றோம். விடை சொல்லவில்லை. வீட்டுப்பாடம் கொடுத்தோம்: "உங்கள் பாட்டியிடமோ கொள்ளுப்பாட்டியிடமோ கேட்டு வாருங்கள். நம் வீட்டுக்கு ரவிக்கை எந்த ஆண்டு வந்தது?"

சிரித்தார்கள். ஆனால் கேட்டு வந்தார்கள். பண்பாடு என்று அன்று விடை சொன்ன அதே மாணவன் முதலில் எழுந்தான். "என் ஆச்சி சொன்னார்கள், ஐயா. அவர்கள் மாமியார் கடைசிவரை ரவிக்கை போட்டதே இல்லையாம். ஆச்சி மருமகளாக வந்தபோது ரவிக்கை அணிந்து வந்தார்களாம். 'குடும்பப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு? யாரை மயக்க?' என்று தெருவே ஏசியதாம்."

வகுப்பு அமைதியாக இருந்தது. அன்று அணிந்தவளை ஏசிய அதே தெரு, இன்று அணியாதவளை ஏசும். அன்றும் அதன் பெயர் பண்பாடு. இன்றும் அதன் பெயர் பண்பாடு!

கரும்பலகையில் ஆண்டுகளை எழுதினோம்: கி.மு. 195, 1859, 1915, 2013. ஒவ்வொன்றும் ஓர் ஆணை முறிந்த ஆண்டு. அந்த மாணவி எழுந்து வந்து, சுண்ணக்கட்டியை வாங்கி, கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, எண் எழுதாமல் திரும்பிச் சென்று அமர்ந்தாள்.

அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நிரப்பவேண்டியவர்கள் அரசர் அல்லர், அமைச்சர் அல்லர். உங்கள் வீட்டில் ஒரு தங்கை இருப்பாள், தோழர்களே! நாளைக் காலை அவள் என்ன உடுத்துவது என்று உங்கள் வீட்டிலே தீர்மானிப்பது யார்? மேடையில் ஏறுவதற்குமுன் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். ஆண்டு அங்கே தொடங்கும்.